மிதக்கும் மேஜைக்கு அடியில்

காலையில் கிரைண்டரைப் போட்டதும் அலமாரியில் அது ஆரம்பித்துவிடுகிறது. குளிரில் பல் அடித்துக்கொள்கிற மாதிரி ஒரு சத்தம். மேல்தட்டில் வரிசையாகப் பாத்திரங்கள் இருக்கின்றன. மற்றவை எல்லாம் வாயை மூடிக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் பேசுகிறது. உள்ளங்கை அளவு எவர்சில்வர் டப்பா. மூடியில் ‘ப. கோதை’ என்று என் பெயர் வெட்டியிருக்கிறது. மூடி முழுசாக உட்காருவதில்லை. அதன்மேல் ஒரு விரலை வைக்கிறேன். சத்தம் நின்றுபோகிறது. எடுத்தால் மறுபடி ஆரம்பிக்கிறது.

“அந்தச் சனியனை எடுத்துக் கீழ வச்சாத்தான் என்ன?” என்கிறார் என் வீட்டுக்காரர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

“வைக்கிறேங்க.”

வைப்பதில்லை. உளுந்து பொங்கி வருகிறவரை விரலை அழுத்திக்கொண்டு நிற்கிறேன். உனக்கு ஞாபகம் இருக்கும். இதே சமையலறையில், இதே மாதிரி ஒரு காலையில், சத்தம் போடுகிற தட்டு எது என்று ஒவ்வொரு பாத்திரத்தின் மேலும் நான் விரலை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல்படியில் காபியோடு நின்றிருந்த நீ, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாய்.

“இதைத்தான்டி நான் மாசாமாசம் சம்பளம் வாங்கிக்கிட்டுச் செய்யறேன்!”

நீ விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். பிறகுதான் அடுப்பு மேடையிலேயே எனக்குப் பாடம் நடந்தது. உன் மெஷின் பெயர் இன்டர்ஃபெரோமீட்டர். அந்தப் பெயரை நான் சரியாகச் சொல்லப் பழகவே ஒரு வாரம் ஆயிற்று. “ஒரு லேசர் வெளிச்சத்தை ரெண்டாப் பிரிக்கிறேன். ஒண்ணைக் கிழக்கு உத்தர வீதியில அனுப்பறேன், இன்னொண்ணைத் தெற்கு உத்தர வீதியில அனுப்பறேன்னு வச்சுக்க. ரெண்டும் கோடியில இருக்கிற கண்ணாடியில முட்டித் திரும்பி, தெருமுனைக்கு வந்து ஒண்ணா சேருது. சேர்ற இடத்துல சிவப்பும் கறுப்புமா கோடு கோடா விழும். ஏதோ ஒரு கண்ணாடி தலைமுடியில ஆயிரத்துல ஒரு பங்கு அசைஞ்சாக்கூட அந்தக் கோடு அசைஞ்சிடும். அப்படி அசைஞ்சதை வச்சு அளக்கறதுதான் என் பொழைப்பு.”

“அதான் அளக்குதுல்ல, அப்புறம் என்ன கஷ்டம்?”

“கண்ணாடியை நான் அசைக்கணும். ரோட்டுல போற லாரி அசைக்கக் கூடாது. மாடியில ஓடுற மோட்டார் அசைக்கக் கூடாது. நீ கிரைண்டர் போட்டா இங்க ஒரே ஒரு தட்டு மட்டும் ஆடுதுல்ல? அங்க எந்தக் கண்ணாடி ஆடுது, எந்த வழியா வந்து ஆட்டுதுன்னு கண்டுபிடிக்கிறதுக்குள்ள உயிர் போயிடும்.”

உயிர் போயிடும் என்று எத்தனை முறை சொல்லியிருப்பாய். வாய்ப்பழக்கம்.

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். பிளஸ் டூ முடித்ததும் எனக்குக் கல்யாணம். நீ கல்லூரிக்குப் போனாய், அதற்கு மேலும் போனாய், திரும்பி வந்து ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியை ஆனாய். உன் முதல் வருஷப் புத்தகங்களை ஒவ்வொன்றாக என்னிடம் தள்ளிவிட்டாய். பிள்ளைகள் தூங்கும் மத்தியானங்களில் நானாகவே படித்தேன். புரியாததை வீட்டுக் கணக்கு எழுதுகிற நோட்டின் ஓரத்தில் குறித்து வைப்பேன். ஒருநாள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஏன்டி, பால்காரர் கணக்குக்குப் பக்கத்துல ஒளியோட வேகத்தை எழுதியிருக்கே, ரெண்டையும் கூட்டிடப் போறே” என்றாய். இன்றைக்கும் அன்றாடக் கணக்கை அன்றன்றைக்கே எழுதி முடித்துத்தான் விளக்கேற்றுகிறேன். எதுவும் மிச்சமில்லாமல் நேர் ஆகிவிட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். நீ கிண்டல் செய்த பழக்கம் அது.

என்னைவிட, பாம்பணையில் படுத்திருக்கும் என் பெருமாளைத்தான் நீ அதிகம் கிண்டல் செய்தாய். ஏகாதசிக்கு என்னோடு கோயில்வரை நடந்து வருவாய். செருப்பு விடுகிற இடத்தோடு நின்றுவிடுவாய். நான் சேவித்துவிட்டு வரும்வரை அங்கேயே ஏதாவது படித்துக்கொண்டிருப்பாய். “என்ன சொன்னார் உன் ஆளு? எழுந்து உக்கார்ந்தாரா, இன்னும் படுத்துட்டுத்தான் இருக்காரா?” நான் கோபித்துக்கொண்டு முன்னால் நடப்பேன். கடையில் எனக்குப் பூ வாங்கிக்கொண்டு பின்னால் ஓடி வருவாய். உனக்காக நான் வேண்டிக்கொள்ளாத நாள் இல்லை. இந்தப் பெண்ணுக்கு ஏன் இப்படி ஒரு கல் மனசைக் கொடுத்தாய் என்று சந்நிதியில் நின்று தாயாரிடமே கேட்டிருக்கிறேன்.

உனக்கென்று தனி ஆய்வகம் கிடைத்த வருஷம், நவராத்திரியில் தாயார் சந்நிதிக் குங்குமத்தை ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தேன். என் கல்யாணச் சீரில் வந்த டப்பா அது. “ஆயுத பூசைக்கு உன் மெஷினுக்கு ஒரு பொட்டு வை” என்றேன். நீ டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டே, “என் மெஷினுக்கு நெத்தி கிடையாதே” என்றாய்.

ஆயுத பூசை அன்று உன் கல்லூரி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஜெராக்ஸ் மெஷின், கடைசல் மெஷின், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், கதம்பம், வாசலில் பூசணிக்காய். உன் அறை மட்டும் பூட்டிக் கிடக்கும். உங்கள் துறை அட்டெண்டர் என்னிடமே புலம்பியிருக்கிறார். “எல்லா ரூமும் ஜகஜ்ஜோதியா இருக்கும்மா. மேடம் ரூம் மட்டும் மூளியா நிக்கிது. பார்க்கவே நல்லால்ல. நீங்களாச்சும் சொல்லுங்க.” நான் சொன்னேன். கற்பூரப் புகை கண்ணாடியில் படியும், பொடி காற்றில் பறந்து கண்ணாடியைக் கெடுக்கும் என்று நீ காரணம் சொன்னாய். காரணம் சரிதான்.

ஆனாலும் வருஷா வருஷம் ஒரு பொட்டலம் மடித்துக் கொடுப்பதை நான் விடவில்லை. நீயும் வாங்கிக்கொள்வாய். “எந்தக் குப்பைத்தொட்டியில போடணும்?” என்று கேட்டுக்கொண்டே வாங்கிக்கொள்வாய்.

“முதல்ல என் டப்பாவைத் திருப்பிக் குடுடி.”

“தொலைஞ்சு போச்சு. வேணும்னா புதுசு வாங்கித் தரேன்.”

“பேரு வெட்டின டப்பா எப்படித் தொலையும்?”

“பேரு இருந்தா காலு முளைச்சு வீட்டுக்கு வந்துடுமா?”

வீட்டுப் பாத்திரம் ஒன்று வெளியே போனால் எனக்கு அது திரும்பி வரும்வரை உறுத்தும். அந்த டப்பாவுக்காக உன்னிடம் எத்தனை வருஷம் சண்டை போட்டேன்!

உன் ஆய்வகத்துக்குள் நான் முதன்முதலாக வந்த நாளையும் சொல்ல வேண்டும். ஆள் படுக்கிற கட்டில் அளவுக்கு ஒரு மேஜை. இரும்புச் சட்டத்தின் நாலு கால்களின்மேல் காற்று நிரப்பிய மெத்தைகள், அவற்றின்மேல் அந்த மேஜைப்பலகை. இரண்டு விரலால் ஒரு மூலையை அழுத்திக் காட்டினாய். அத்தனை கனமும் காவிரியில் பரிசல் போல மெதுவாக இறங்கி, ஏறி, நின்றது. “தரையில என்ன ஆடினாலும் இந்தக் காத்து வாங்கிக்கும். மேல போகாது. இது மிதக்குதுடி” என்றாய். உன் முகத்தில் அன்றைக்கு இருந்ததை, நான் கர்ப்பக்கிரகத்துக்கு முன்னால் நிற்கிறவர்கள் முகத்தில் பார்த்திருக்கிறேன். சொன்னால் அடிக்க வருவாய் என்று சொல்லவில்லை.

அப்போது என் தலையிலிருந்து ஒரு பூ விழுந்து மேஜைக்கு அடியில் போயிற்று. குனிந்து கையை விட்டேன்.

“கோதை! கீழ கை விடாதே!”

நான் பயந்துபோனேன். நீ என்னிடம் அப்படிக் கத்தியதே இல்லை. அடியில் வால்வுகள் இருக்கின்றன, தொட்டால் மேஜை சாய்ந்துவிடும், யாராக இருந்தாலும் மேஜைக்கு அடியில் போகக் கூடாது, இந்த அறைக்கு இது ஒன்றுதான் சட்டம் என்றாய். பிறகு நீயே குனிந்து பூவை எடுத்துக் கொடுத்தாய். அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

போன நவராத்திரிக்கு நீ சுண்டல் சாப்பிட வந்தாய். வாசலில் ஏறி வந்தவள் கொலுவைக்கூடப் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாய். மூச்சு வாங்கியது.

“என்னடி இது?”

“ஒண்ணுமில்ல. படி ஏறினா இப்பல்லாம் கொஞ்சம் வாங்குது. வயசாகுதுல்ல.”

“எனக்கும் அதே வயசுதான். டாக்டர்கிட்ட போ.”

“பூசை லீவு முடியட்டும், போறேன். உன் சத்தியமா போறேன்.”

“என் சத்தியமா வேணாம். பெருமாள் சத்தியமா சொல்லு.”

“அவரை எதுக்கு எழுப்பறே, பாவம்.”

அந்த வருஷப் பொட்டலத்தைக் கொஞ்சம் கனமாகவே மடித்தேன். குங்குமத்தோடு தாயார் மாலையிலிருந்து கிடைத்த துளசியும், ஒரு மஞ்சள் துண்டும் வைத்தேன். “இதை எந்தக் குப்பைத்தொட்டி தாங்கும்?” என்றாய். படி இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாய்.

விஜயதசமி அன்று காலை சேவித்துவிட்டு வெள்ளைக் கோபுர வாசலுக்கு வந்தபோது போன் அடித்தது. உன் ஆராய்ச்சி மாணவி ரெஹானா. தென்னூரில் உன் ஃப்ளாட்டுக்கு அடுத்த தெருதான் அவள் வீடு. “ஆன்ட்டி” என்றாள். “ரெஹானா, சொல்லும்மா” என்றேன். “மேடம் எழுந்திருக்கல ஆன்ட்டி” என்றாள். கையில் தீர்த்தப் பாட்டில் இருந்தது. பக்கத்தில் ஒருவர் பொரி விற்றுக்கொண்டிருந்தார். நான் எதற்கோ அவரிடம் பொரி என்ன விலை என்று கேட்டேன். அவர் சொன்னார். நான் தலையாட்டினேன். இப்போதும் அந்த இடத்தைத் தாண்டும்போது, அன்று யார் என் வாயில் புகுந்து அதைக் கேட்டார்கள் என்று தோன்றுகிறது.

உன் தம்பி வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தார். “அக்கா தெளிவா சொல்லியிருக்காங்க. எந்தச் சடங்கும் வேணாம்னு” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. என்னிடமும் நீ அப்படித்தான் சொல்லியிருந்தாய். ஓயாமாரி மயானத்தில் உன் பக்கத்தில் நின்றேன். என் பைக்குள் தீர்த்தம் இருந்தது. துளசி இருந்தது. உன் வாயில் ஒரு சொட்டு விட வேண்டும் என்று கை துடித்தது. விடவில்லை. உயிரோடு இருந்தபோது வேண்டாம் என்று சொன்னவளுக்கு, சொல்ல முடியாத நேரத்தில் செய்வது நியாயமில்லை என்று நினைத்தேன். பாட்டிலை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஒரு மாசம் போயிருக்கும். ரெஹானா வீட்டுக்கே வந்துவிட்டாள். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது.

“ஆன்ட்டி, மெஷின் ஆடுது.”

பூசை விடுமுறை முடிந்து ஆய்வகத்தைத் திறந்ததிலிருந்து கோடுகள் நிற்கவில்லையாம். அவளுடைய ஆய்வுக்குக் கடைசி அளவுகள் மட்டும் பாக்கி. அதைவிடப் பெரிய பயம் வேறு இருந்தது. உங்கள் துறையில் ஒருவர் வாய்விட்டே சொல்லியிருக்கிறார்: “இது எப்பவுமே இப்படித்தான் ஆடியிருக்கும். மேடத்துக்கு உடம்பு சரியில்ல, கவனிச்சிருக்க மாட்டாங்க. போன வருஷம் அவங்க வெளியிட்ட அளவெல்லாம்கூட மறுபடி பார்க்க வேண்டியதுதான்.” அந்த மெஷினைப் பிரித்துவிட்டு அறையை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று முடிவு செய்ய ஒரு குழு வரப்போகிறது. உன் இத்தனை வருஷ உழைப்பின் மேல் கோடு போடப் போகிறார்கள்.

“என்னை எதுக்கும்மா கூப்பிடுறே? எனக்கு என்ன தெரியும்?”

“நீங்க வாங்க ஆன்ட்டி. ஒண்ணு கேக்கணும். அங்க வச்சுத்தான் கேக்க முடியும்.”

போனேன். உன் நாற்காலியில் உன் ஸ்வெட்டர் அப்படியே கிடந்தது. சுவரில் விழுந்த சிவப்புக் கோடுகளை ரெஹானா காட்டினாள். நீ முன்பு காட்டியபோது அவை வரைந்து வைத்தது போல நின்றிருந்தன. இப்போது காய்ச்சல்காரன் உதடு மாதிரி நடுங்கின.

அவள் அதுவரை செய்ததையெல்லாம் என்னிடம் சொன்னாள். நடுக்கத்தை வேகவாரியாகக் கம்ப்யூட்டரில் பிரித்துப் பார்த்தால் ஒரே ஒரு வேகம் மட்டும் ஊசி போல எழுந்து நிற்கிறது. அதே ஊசி, சுவருக்கு வெளியே இருக்கும் குளிர்சாதன மெஷினிலும் இருக்கிறது. அதை நிறுத்தினால் கோடு நின்றுவிடுகிறது.

“அப்ப கண்டுபிடிச்சாச்சே.”

“இல்ல ஆன்ட்டி. அது இத்தனை வருஷமா அங்கேயேதான் ஓடுது. மேடம் இருந்தப்பவும் ஓடுச்சு. அப்பல்லாம் உள்ள வரல. சத்தம் போடுறது யாருன்னு தெரியுது. எந்த வழியா உள்ள வர்றான்னுதான் தெரியல.”

வழியை அவள் தேடாத இடமில்லை. ஒவ்வொரு கண்ணாடியின் தாங்கியையும் விரல் நுனியால் மெல்லத் தொட்டு, கோட்டைப் பார்த்து, அடுத்ததைத் தொட்டிருக்கிறாள். என் அலமாரிமுன் நான் செய்வது போலவே. எந்தக் கண்ணாடியைத் தொட்டாலும் முழுசாக நிற்கவில்லை. சுவரிலிருந்து மேஜைக்கு வரும் வயர்களைத் தளர்த்தித் தொங்கவிட்டிருக்கிறாள். காற்று படாமல் பெட்டி போட்டு மூடியிருக்கிறாள். கடைசியில் தரையில் ஒரு சென்சார், மேஜையில் ஒரு சென்சார் வைத்து, குதிகாலால் தரையில் ஓங்கித் தட்டியிருக்கிறாள்.

“தரையில தட்டினா மேஜைக்குக் கேக்கக் கூடாது ஆன்ட்டி. நடுவுல காத்துதானே இருக்கு. ஆனா கேக்குது.” மேஜையின் மூலைகளை ஒவ்வொன்றாக அழுத்தினாள். மூன்று மூலைகள் பரிசல் போல இறங்கின. சுவரோரம் இருந்த மூலை இறங்கவில்லை. கல் மாதிரி நின்றது. “இங்க மிதக்கல. அடியில ஏதோ முட்டுக் கொடுக்குது.”

“அப்ப குனிஞ்சு பாரேன்.”

ரெஹானா என் முகத்தைப் பார்த்தாள். “மேடம் போட்ட ஒரே சட்டம் அது. கீழ கை விடாதேன்னு. அஞ்சு நாளா இந்த மூலையைச் சுத்திச் சுத்தி வர்றேன். குனிய மனசு வரல. அவங்களுக்குன்னு நீங்கதான் இருக்கீங்க. நீங்க சொன்னா குனியறேன்.”

இதற்குத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். “குனி தாயி. நான் சொல்றேன், குனி” என்றேன்.

பிஸ்மில்லா என்று முணுமுணுத்துவிட்டு அவள் தரையில் மல்லாந்து படுத்து, போன் வெளிச்சத்தோடு உள்ளே நகர்ந்தாள்.

“ஆன்ட்டி… இங்க ஏதோ செவப்பா இருக்கு. மேல, பலகையோட அடியில. ரத்தமா ஆன்ட்டி?”

முழங்கால் வலியையும் புடவையையும் மறந்து நானும் தரையில் படுத்தேன். அவள் பக்கத்தில் தலையை நீட்டினேன்.

ரத்தம் இல்லை. குங்குமம்.

மேஜைப் பலகையின் அடிப்பக்கத்தில், யார் கண்ணுக்கும் படாத மூலையில், வரிசையாகப் பொட்டுகள். தண்ணீரில் குழைத்து வைத்தவை. ஓரத்தில் இருந்தவை காய்ந்து கறுத்து, காப்பித்தூள் நிறமாகி இருந்தன. வரவர நிறம் கூடிக்கொண்டே வந்தது. கடைசிப் பொட்டு இன்னும் சிவப்பாக இருந்தது. எதைக் கண்டாலும் எண்ணுகிறவள் நான். அன்று எண்ணவில்லை. எண்ண முடியவில்லை.

அந்தப் பொட்டுகளுக்குக் கீழே, இரும்புச் சட்டத்தின் விளிம்பில் ஒரு டப்பா உட்கார்ந்திருந்தது. அதன் மூடி பலகையின் அடியை முட்டிக்கொண்டிருந்தது. ரெஹானா வெளிச்சத்தைத் திருப்பினாள். ப. கோதை.

தொலைந்துபோன டப்பா.

அவள் அதை மெல்ல உருவினாள். தலைக்குமேல் மேஜை ஒரு பெருமூச்சு விட்டது போல அசைந்து, மிதந்தது. வெளியே குளிர்சாதன மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. “ஆன்ட்டி, கோட்டைப் பாருங்க! கோட்டைப் பாருங்க!” என்று அவள் எழுந்து ஓடினாள். நான் எழுந்திருக்கவில்லை. தரையிலேயே கிடந்தேன். டப்பா என் வயிற்றின்மேல் இருந்தது. திறந்தேன். நான் வருஷா வருஷம் மடித்துக் கொடுத்த பொட்டலங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக, அடியில் இருந்தது நசுங்கி, மேலே கடைசி வருஷத்துப் பொட்டலம். துளசியும் மஞ்சளும் வைத்து நான் கனமாக மடித்தது. அதை வைத்து அழுத்தியதில்தான் மூடி இறங்காமல் மேலே நின்றிருக்கிறது. இத்தனை வருஷமும் மேஜைக்கும் மூடிக்கும் நடுவில் நீ விட்டு வைத்திருந்த சந்து அந்த ஒரு தடவையில் அடைபட்டுப் போயிருக்கிறது.

எதை வைத்தாலும் அளந்து வைப்பவள் நீ. அன்று ஏன் அளக்கவில்லை? விடுமுறை முடிந்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தாயா? மறுபடி அந்தக் கடைசிப் பொட்டைப் பார்த்தேன். அதன் பக்கத்தில் விரல் வழுக்கியது போல ஒரு நீண்ட இழுப்பு. என் வீட்டுப் படி ஏறவே மூச்சு வாங்கியவள், கதவைப் பூட்டிக்கொண்டு, தன்னந்தனியாக அந்தத் தரையில் மல்லாந்து படுத்து, கையை மேலே தூக்கிப் பொட்டு வைத்திருக்கிறாய். மெஷினுக்கு நெற்றி கிடையாது என்றவள். அந்த அறையின் ஒரே சட்டம் எதற்காக என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வால்வு பொய் இல்லை. வால்வு மட்டும் இல்லை.

அழுகை வரவில்லை. பொரி விலை கேட்ட அதே வாய், “இந்தத் தரை ரொம்பச் சில்லுனு இருக்கும்மா” என்றது.

ரெஹானா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோடு நின்றுவிட்ட சந்தோஷம் அவள் முகத்திலிருந்து போய்விட்டிருந்தது. “ஆன்ட்டி, குழுவுக்கு ரிப்போர்ட் எழுதணும். என்னன்னு எழுதட்டும்? ஸ்பேனர் ஏதோ சிக்கியிருந்துச்சுன்னு எழுதிடவா? இதைச் சொன்னா மேடத்தை நினைச்சுச் சிரிப்பாங்க. சாமி கும்பிடுற எல்லாரையும் கிண்டல் பண்ணினவங்கல்ல அவங்க.”

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். உன் மானம் எனக்குப் பெரிது. ஆனால் அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு பொய்யை நினைக்கவே முடியவில்லை. ரெஹானா சேர்ந்த புதிதில், நடுக்கம் வந்த ஒருநாள் அளவுகளை அழித்துவிட்டாள் என்று நீ என்னிடம் பொருமியது நினைவுக்கு வந்தது. “கண்டதை எழுதுன்னு சொன்னேன்டி. காண ஆசைப்பட்டதை எழுதாதேன்னு சொன்னேன்.” பொய்க் காரணம் சொன்னால், நடுக்கம் உன் காலத்தில் இல்லை, இந்தப் பூசைக்குப் பிறகுதான் வந்தது என்று அவளால் எப்படி நிரூபிக்க முடியும்? டப்பாவை வைத்துக் காட்டினால்தான் நடுக்கம் வரும். எடுத்துக் காட்டினால்தான் போகும்.

“என்ன இருந்துச்சோ அதையே எழுதும்மா. டப்பா இருந்துச்சு. மூடி முட்டிச்சு.”

“உள்ள இருந்ததையுமா?”

“கேட்டாங்கன்னா அதையும் சொல்லு.”

அவள் தலையாட்டினாள். ஒரு துணியை எடுத்து, “மேல இருக்கிறதைத் துடைச்சிடட்டுமா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே துணியைக் கீழே வைத்துவிட்டாள்.

குழு வந்தது. ரெஹானா டப்பாவை அதே இடத்தில் வைத்தாள், கோடு நடுங்கியது. எடுத்தாள், நின்றது. மேல் பொட்டலத்தை மட்டும் வெளியே எடுத்து மூடி வைத்தாள், நடுக்கம் இல்லை; திரும்பப் போட்டு வைத்தாள், நடுங்கியது. பழைய அளவுகளில் சந்தேகப்பட ஏதுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்களாம். இது என்ன டப்பா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். “மேடத்தோடது. ஆயுத பூசைக் குங்குமம்” என்றிருக்கிறாள். யாரும் சிரிக்கவில்லையாம். வாசலில் நின்றிருந்த அட்டெண்டர் மட்டும், எல்லாரும் போன பிறகு உள்ளே வந்து, குனிந்து, ரொம்ப நேரம் பலகையின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். “அப்ப மூளியா இல்ல” என்றாராம்.

டப்பா என்னிடம் வந்துவிட்டது. பூஜை அறையில் வைக்கத் தோன்றவில்லை. நீ யாரும் பார்க்காத இடத்தில் வைத்திருந்ததை நான் விளக்குக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பதா? அலமாரியின் மேல்தட்டில் பாத்திரங்களோடு பாத்திரமாக வைத்திருக்கிறேன். பொட்டலங்களை எடுக்கவில்லை. அதனால் மூடி உட்காரவில்லை.

நீ நம்பினாயா? அல்லது நான் கொடுத்ததைக் கீழே போட மனசில்லாமல் வைத்தாயா? எனக்காகவா, மெஷினுக்காகவா, உனக்காகவா? ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறேன். எதைத் தொட்டாலும் முழுசாக நிற்கவில்லை. ஒன்று மட்டும் இரவும் பகலும் என்னை உலுக்குகிறது. ஓயாமாரியில் என் பைக்குள் தீர்த்தம் இருந்தது. நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என்னிடம்கூடவா பூட்டி வைப்பாய், பாவி?

இதோ, உளுந்து பொங்கிவிட்டது. கிரைண்டரை நிறுத்திவிட்டேன். சமையலறையில் இப்போது எதுவும் ஆடவில்லை. “இன்னும் என்ன அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறே?” என்கிறார் அவர், கூடத்திலிருந்து. விரல் மூடியின் மேல்தான் இருக்கிறது. எடுக்கத் தெரியவில்லை.